நடுவரின் கண்டிப்பும் நியூட்டனின் விதியும்

2007-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். கனடா நாட்டில், கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த லவால் நகரில் சிறுமியருக்கான கால்பந்துப் போட்டி ஒன்று நடந்துகொண்டிருந்தது. ஆட்டவா நகரிலிருந்து வந்த அணியில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருந்தாள். இஸ்லாமியக் குடும்பத்துப் பெண். தலையில் முக்காட்டுத் துணி அணிந்திருந்தாள். அதைக் கழற்றினால்தான் ஆடலாம் என்றார் நடுவர். அவள் மறுத்தாள், களத்தை விட்டு அனுப்பப்பட்டாள். உடனே அவளுடைய அணி முழுவதும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது. அதைக் கண்டு வேறு சில அணிகளும் விலகின. செய்தி அந்த ஊரோடு நிற்கவில்லை. அடுத்த மாதம் உலகக் கால்பந்து விதிகளை வகுக்கும் பன்னாட்டு வாரியம் கூடியபோது, அங்கேயும் இது பேசப்பட்டது.

நடுவர் செய்தது சரியா? 'விதி என்றால் விதிதான். ஒருவருக்கு விட்டுக்கொடுத்தால் எல்லாருக்கும் விட்டுக்கொடுக்க வேண்டும்' என்பார் சிலர். 'சின்னப் பிள்ளைகள் ஆட்டத்தில் இவ்வளவு கெடுபிடி எதற்கு?' என்பார் வேறு சிலர். இரு சாராரும் ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். அந்தத் துணி யாருக்கு, எவ்விதம், எவ்வளவு தீங்கு செய்யக்கூடும் என்பதே அது. விசை, பரப்பு, நேரம் ஆகிய மூன்றையும் கொண்டு விடை காணவேண்டிய கேள்வி. ஆகவே இதில் இயற்பியலுக்கும் சிறிது பேச இடம் உண்டு.

கால்பந்துக்கு மொத்தம் 17 விதிகள். அவற்றுள் நான்காவது, ஆட்டக்காரர் அணியவேண்டியவை பற்றியது. கைவைத்த சட்டை, அரைக்கால் சட்டை, காலுறை, ஷின்கார்டு என்னும் முன்கால் காப்பு, காலணி ஆகிய ஐந்தும் கட்டாயம். ஆபத்தான எதையும் அணியக் கூடாது. சங்கிலி, மோதிரம், காப்பு, தோடு, தோல்பட்டை, ரப்பர் வளையம் எதுவானாலும் கழற்றிவிட வேண்டும். அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி மறைப்பதும் ஆகாது. ஆட்டம் தொடங்குமுன் எல்லாரையும் நடுவர் சோதித்துப் பார்க்க வேண்டும். சிறுவர் ஆட்டங்களுக்காக மைதானத்தின் அளவையும், பந்தின் அளவையும், ஆட்ட நேரத்தையும் மாற்றிக்கொள்ள ஒவ்வொரு நாட்டுச் சங்கத்துக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தச் சலுகைப் பட்டியலில் ஷின்கார்டும் தோடும் இல்லை.

இதே நான்காவது விதியில்தான், காலுறையின்மேல் ஒட்டும் பிளாஸ்திரி காலுறையின் நிறத்திலேயே இருக்க வேண்டும் என்பதும், உள்ளே அணியும் சட்டை வெளிச்சட்டையின் கை நிறத்தோடு பொருந்த வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்கின்றன. எலும்பைக் காக்கும் ஏற்பாடும் நிறப் பொருத்தமும் ஒரே விதிக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. இரண்டையும் ஒரே கண்டிப்போடு அமல் செய்யவேண்டுமா என்பதுதான் நம் விவாதம்.

முன்கால் எலும்பும் அழுத்தமும்

முழங்காலுக்குக் கீழே, காலின் முன்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். தோலுக்கு அடியிலேயே எலும்பு தட்டுப்படும். பின்புறத்தில் கெண்டைச் சதை மெத்தையாக அமைந்திருக்கிறது. முன்புறத்தில் அந்த மெத்தை கிடையாது. கால்பந்தில் உதை விழுவதோ பெரும்பாலும் முன்புறத்தில்தான்.

பந்தைப் பறிக்க ஒரு சிறுவன் காலை வீசுகிறான். அவனுடைய பாதம், பூட்ஸ், கீழ்க்காலில் ஒரு பகுதி எல்லாம் சேர்ந்து 2 கிலோகிராம் நிறை என்றும், அதன் வேகம் விநாடிக்கு 5 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். நிறையையும் வேகத்தையும் பெருக்கினால் உந்தம் 10 அலகு. அந்தக் கால், பந்தைத் தவறவிட்டு எதிராளியின் எலும்பில் மோதி நிற்கிறது. கடினமான பொருள் கடினமான பொருளின்மேல் மோதும்போது, நிற்பதற்கு ஆகும் நேரம் மிகச் சொற்பம். விநாடியில் இருநூறில் ஒரு பங்கு, அதாவது 0.005 விநாடி என்று கொண்டால், நியூட்டனின் இரண்டாம் விதிப்படி சராசரி விசை 10 ÷ 0.005 = 2000 நியூட்டன். ஏறத்தாழ 200 கிலோகிராம் எடைக்குச் சமம். இரண்டு நெல் மூட்டைகளைவிட அதிகம்!

இந்த விசை எவ்வளவு பரப்பில் இறங்குகிறது என்பது அடுத்த கேள்வி. கால்பந்து பூட்ஸின் அடியில் சறுக்காமல் இருப்பதற்காகக் குமிழ்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கழற்றி மாட்டும் குமிழின் விட்டம் அரை அங்குலத்துக்குக் குறையக் கூடாது என்று பழைய விதிப் புத்தகங்களில் இருந்தது. (பிற்பாடு விதிகளைச் சுருக்கி எழுதியபோது இந்த அளவுகள் நீங்கிவிட்டன.) அரை அங்குலம் என்பது 1.27 செ.மீ. அந்த வட்டத்தின் பரப்பும் ஏறக்குறைய 1.27 சதுர செ.மீ. என்றே வரும். இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல்தான். மாணவர்கள் இதை ஒரு விதியாகக் குறித்துக்கொள்ள வேண்டாம்! 2000 நியூட்டன் ஒரே குமிழின் வழியாக இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்கு 1570 நியூட்டனுக்கும் மேற்பட்ட அழுத்தம்.

இனி, இடையே ஷின்கார்டு வருகிறது. வெளிப்புறம் உறுதியான பிளாஸ்டிக் ஓடு. உட்புறம் மெத்தென்ற நுரைப்பொருள். இரண்டும் வெவ்வேறு வேலை செய்கின்றன. நுரை அமுங்குவதால் மோதும் கால் நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது. கிரிக்கெட்டில் பந்தைப் பிடிப்பவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வதில் உள்ள தத்துவமே இது. நேரம் இரு மடங்கானால் விசை பாதியாகி 1000 நியூட்டன் ஆகிவிடும். ஓடு என்ன செய்கிறது? குமிழ் ஒரு புள்ளியில் தரும் விசையைத் தன் பரப்பு முழுவதும் பகிர்ந்தளிக்கிறது. 50 சதுர செ.மீ. பரப்பில் பகிர்ந்தால், சதுர சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன்தான். முன்னே கண்ட அழுத்தத்தில் இது சுமார் எண்பதில் ஒரு பங்கு என்று சொல்லிவிடலாம். சரியாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 79-இல் ஒரு பங்கு. நான் எடுத்துக்கொண்ட எண்கள் உதாரணத்துக்காகத்தான். உண்மையில் உதைக்கு உதை அவை மாறும். ஷின்கார்டு அணிந்தும் எலும்பு முறிந்தவர்கள் உண்டு. ஆனால் எந்தப் பக்கம் லாபம் என்பதில் ஐயமில்லை.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியைச் சேர்ந்த சாம் வெல்லர் விட்டோசன் என்பவர் 1874-இல் கிரிக்கெட் பேடுகளை வெட்டிச் சிறிதாக்கிக் காலுறையின் வெளிப்புறத்தில் கட்டிக்கொண்டு ஆடினார். அவ்வளவு பழைய யோசனை, உலக விதியில் கட்டாயமானது 1990-இல்தான். நூறு ஆண்டுகளுக்கு மேல் மனிதர் தம் கால் எலும்பை அதிருஷ்டத்தின் பொறுப்பில் விட்டிருந்தார்கள் என்று பொருள்.

இப்போது வேறொரு தொல்லை. புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் சிலர் உள்ளங்கைக்குள் அடங்கும் ஷின்கார்டைச் செருகிக்கொண்டு ஆடுகிறார்கள். தொலைக்காட்சியில் பார்க்கும் சிறுவர்களும் அதையே விரும்புகிறார்கள். ஓடு சிறுத்தால் விசையைப் பகிரும் பரப்பும் சிறுக்கிறது. மூடப்படாத எலும்போ பெருகுகிறது. 2024-25 விதிப் புத்தகத்தில், ஷின்கார்டின் அளவுக்கும் தகுதிக்கும் ஆட்டக்காரரே பொறுப்பு என்ற வாக்கியம் சேர்க்கப்பட்டது. வளர்ந்தவர்களுக்கு இது பொருந்தலாம். பன்னிரண்டு வயதுப் பையனிடம் 'உன் எலும்புக்கு நீயே பொறுப்பு' என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அழுத்தம் என்றால் என்னவென்று அவனுடைய பாடப் புத்தகமே இன்னும் சொல்லித் தரவில்லை! அந்த வயதில் பொறுப்பு பயிற்சியாளருடையது, பெற்றோருடையது, கடைசியாக நடுவருடையது. நடுவர் குனிந்து ஒவ்வொரு காலையும் விரலால் தட்டிப் பார்க்கட்டும். மொத்தமும் இரண்டு நிமிட வேலை. ஷின்கார்டு இல்லாதவனை ஒரு நிமிடம்கூடக் களத்தில் விடக் கூடாது. இந்த இடத்தில் நான் முழுக்க முழுக்கக் கண்டிப்பின் பக்கம்.

ஆனால் இந்தக் கண்டிப்பு ஏழைப் பையனை வீட்டுக்கு அனுப்பும் கண்டிப்பாகிவிடக் கூடாது. போட்டி நடத்துவோர் ஒரு பெட்டியில் ஐந்தாறு ஜோடி ஷின்கார்டுகளை வைத்திருந்தால் போதும். சோதனையை விசில் ஊதும் நேரத்துக்கு அரைமணி முன்பாகச் செய்தால், இல்லாதவன் இரவல் வாங்கிக் கட்டிக்கொள்ள நேரம் கிடைக்கும்.

காலணியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம் இந்திய அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலோடு பிரான்சை எதிர்த்து ஆடி, 1-2 என்ற கணக்கில்தான் தோற்றார்கள். 1952-இல் ஹெல்சிங்கியின் குளிரில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்று தோற்ற பிறகு, இந்தியாவில் பூட்ஸ் கட்டாயமாக்கப்பட்டது. பூட்ஸ் அணிந்தவனின் விரல்களைப் பூட்ஸ் காக்கிறது. எதிராளிக்கோ அதே பூட்ஸ் ஓர் ஆயுதம். எனவே பதினொருவர் பூட்ஸிலும் பதினொருவர் வெறுங்காலிலும் ஆடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமான ஏற்பாடு. தேய்ந்து கூராகிவிட்ட குமிழ், பாதி உடைந்து விளிம்பு நீட்டிக்கொண்டிருக்கும் குமிழ் இவற்றை நடுவர் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். விட்டம் பாதியானால் பரப்பு நாலில் ஒன்றாகிறது. அழுத்தம் நான்கு மடங்கு.

தோடு, மோதிரம், கயிறு

'ஒரு பொட்டுத் தோடு யாரை என்ன செய்துவிடும்?' என்று தாய்மார்கள் கேட்பது நியாயமாகவே தோன்றும். தோட்டின் தண்டு காது மடலைத் துளைத்துப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்டின் முனை அரை சதுர மில்லிமீட்டர் இருக்கலாம், அதாவது 0.005 சதுர செ.மீ. பக்கவாட்டில் வந்த பந்து காதில் படுகிறது. அந்த விசையில் ஒரு கிலோகிராம் எடையளவு, அதாவது 10 நியூட்டன் மட்டும் தண்டின் வழியாகக் காதின் பின்புற எலும்பில் இறங்கினாலும், 10 ÷ 0.005 = சதுர சென்டிமீட்டருக்கு 2000 நியூட்டன். பூட்ஸ் குமிழுக்கு நாம் கண்ட அழுத்தத்தையே இது மிஞ்சிவிடுகிறது. மேலே பிளாஸ்திரி ஒட்டினால் தோடு கண்ணுக்கு மறையும். தண்டின் முனைப் பரப்பு மாறுவதில்லை. பிளாஸ்திரி ஒட்டுவதை விதி ஏற்காததற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

புதிதாகக் காது குத்திய குழந்தை தோட்டைக் கழற்றினால் துளை தூர்ந்துவிடும். ஆடும் பிள்ளை உள்ள வீட்டில் காதணி விழாவைப் போட்டிகள் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாமே.

மோதிரத்தின் ஆபத்து வேறு வகை. கோல் வலையை மாட்டும் கொக்கியில் மோதிரம் சிக்கிக்கொண்டு உடல் கீழே இறங்கினால், உடல் எடை முழுவதும் ஒரு மெல்லிய வளையத்தின் வழியாக விரலை உரிக்கிறது. இதற்கு மேல் விவரிக்க வேண்டாம்.

கழுத்திலும் மணிக்கட்டிலும் கட்டும் கயிறுக்கு வருவோம். இழுத்தவுடன் அறுந்துவிடும் பருத்தி நூலால் பெரிய தீங்கு இல்லை. அறாத நைலான் கயிறு கழுத்தில் இருந்தால் பெருந்தீங்கு. இயற்பியல் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும். விதி பார்ப்பதில்லை, எல்லாவற்றையும் கழற்று என்கிறது. இந்த இடத்தில் விதி இயற்பியலைவிடக் கண்டிப்பானது. ஆயினும் நடுவரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். முப்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். ஒவ்வொரு கயிறும் எவ்வளவு விசையில் அறும் என்று அவர் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. 'போன வாரம் அந்த நடுவர் விட்டாரே!' என்ற வழக்கும் மறுபக்கத்தில் காத்திருக்கும். ஆகவே கயிறு, அணிகலன் விஷயத்தில் ஒரே கோடாக 'கூடாது' என்பதே நல்லது என்பது என் கருத்து. கழற்றியதைப் பத்திரமாக வாங்கி வைத்துக்கொள்ள ஒருவர் இருக்க வேண்டும். அறுத்து எறியச் சொல்வது முரட்டுத்தனம்.

மூக்குக் கண்ணாடிக்கு மட்டும் விதி தாராளமாக நடந்துகொள்கிறது. சாதாரணக் கண்ணாடி உடைந்தால் கூர்மையான சில்லுகளாகும். பாலிகார்பனேட் வில்லையோடு, ரப்பர் பட்டையால் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கும் விளையாட்டுக் கண்ணாடி அப்படிச் சிதறுவதில்லை. அது ஆபத்தான பொருள் அன்று என்று விதியே சொல்லிவிட்டது. பார்வை குறைந்த பையனைக் கண்ணாடியின்றி ஆடவிடுவதில்தான் அதிக ஆபத்து. வருகிற பந்து அவனுக்குத் தெரியாதே!

லவால் நகருக்குத் திரும்புவோம்

அந்தச் சிறுமியின் முக்காட்டை இதே கண்ணோடு பார்ப்போம். துணிக்குக் கூர்முனை இல்லை. அது கடினமும் அன்று. மோதலில் அதனால் எதிராளிக்குத் தீங்கில்லை. ஐயம் எழக்கூடியது கழுத்தைப் பற்றித்தான். 35 கிலோகிராம் சிறுமி விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறாள். உந்தம் 175 அலகு. கழுத்தைச் சுற்றி முடிச்சிட்ட துணியின் நுனி யாருடைய கையிலோ சிக்கி, அவள் 0.2 விநாடியில் நிறுத்தப்பட்டால், கழுத்தில் விழும் சராசரி விசை 175 ÷ 0.2 = 875 நியூட்டன். இது அற்ப விஷயமன்று. முக்காட்டைக் குத்தி வைக்கும் குண்டூசிகள் இருந்தால் அவையும் தோட்டின் தண்டைப் போன்றவையே.

ஆனால் இதற்கு மாற்று, முக்காட்டைக் கழற்றுவது ஒன்றுதானா? உங்கள் வீட்டு மின்சுற்றில் ஃபியூஸ் கம்பி இருக்கிறது. அளவுக்கு மீறிய மின்னோட்டம் வந்தால் கம்பி முதலில் உருகி, மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. அதற்காக வீட்டுக்கு மின்சாரமே வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. கழுத்தருகே வெல்க்ரோ ஒட்டு வைத்துத் தைத்த முக்காட்டில், இரண்டு மூன்று கிலோகிராம் எடையளவு இழுத்ததுமே ஒட்டு பிரிந்துவிடும். அப்போது கழுத்தில் விழும் விசை அந்த அளவைத் தாண்டவே முடியாது. நீட்சியுள்ள துணியில் குண்டூசி இல்லாமல், தொங்கும் நுனி இல்லாமல் தைத்தால் ஐயம் ஏறத்தாழ முழுவதும் தீர்ந்தது.

விதி வகுப்போர் இந்த முடிவுக்கு வர ஏழு ஆண்டுகள் ஆயின. 2012-இல் தலைமூடியைச் சோதனை முறையில் அனுமதித்தார்கள். 2013 ஜூனில் அதே கியூபெக் மாநிலக் கால்பந்துச் சங்கம், சீக்கியச் சிறுவர்கள் தலைப்பாகையோடு ஆடக் கூடாது என்று விடாப்பிடியாக நின்றது. கனடா நாட்டுச் சங்கம் அதை இடைநீக்கம் செய்தது; உலகச் சங்கமும் தலைப்பாகைக்கு இசைவு தெரிவித்தபின், அந்த மாதத்திலேயே தடை நீங்கியது. 2014 மார்ச்சில் தலைமூடி அனுமதி நிரந்தர விதியாயிற்று. அதன் நிபந்தனைகளைப் பாருங்கள்: சட்டையோடு இணைந்திருக்கக் கூடாது; துருத்திக்கொண்டு நிற்கும் பகுதி கூடாது; கழுத்தருகே திறந்து மூடும் அமைப்பு முதலியவற்றால் அணிபவருக்கோ பிறருக்கோ ஆபத்து நேரக் கூடாது. எல்லாம் நாம் மேலே கணக்கிட்டவைதாம். நிறம் பற்றிய ஒரு நிபந்தனையும் கூடவே வந்து உட்கார்ந்திருக்கிறது. அது கணக்கில் சேராது.

2007-இல் அந்த நடுவர் கேட்டிருக்கவேண்டியது, 'ஏன் அணிந்திருக்கிறாய்?' என்பதன்று, 'முடிச்சு எங்கே? ஊசி உண்டா? இழுத்தால் வருமா?' என்பதே. அன்றிருந்த விதியில் தலைத்துணி அனுமதிக்கப்பட்ட பொருளாக எழுதப்படவில்லை என்பது உண்மை. தடுக்கப்பட்ட பொருளாகப் பெயர் சொல்லியும் எழுதப்படவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் நடுவருக்குத் துணை, 'ஆபத்தானதா?' என்ற ஒரே சொல்தான்.

நிறப் பொருத்தம், பிளாஸ்திரியின் வண்ணம் போன்றவற்றுக்கு அதிக இடம் தர விரும்பவில்லை. இரு அணிகளையும் பிரித்தறிய முடிந்தால் சிறுவர் ஆட்டத்துக்கு அது போதும். குளிருக்காக வேறு நிற உள்ளாடை அணிந்த பையனை வெளியே அனுப்பும் நடுவர் மேல் எனக்கு மதிப்பில்லை. ஆட்டத்தின் நடுவே காலணி தற்செயலாகக் கழன்று போனவன், பந்து வெளியே போகுமுன் கோல் போட்டால் அந்தக் கோல் செல்லும் என்று அதே விதி பெருந்தன்மையாகச் சொல்கிறதே!

இவ்வளவும் பிள்ளைகள் அணிவது பற்றி. அவர்கள் அணியாத ஒரு பொருளைச் சொல்லாவிட்டால் கணக்கு முழுமையாகாது. மைதானத்தில் இடம் மாற்றி வைக்கும் கோல் சட்டத்தைத்தான் குறிப்பிடுகிறேன். அமெரிக்காவில் 1979 முதல் 1994 வரை, இத்தகைய சட்டங்கள் சாய்ந்து குறைந்தது 21 பேர் இறந்ததாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குக் காட்டியது. தோட்டைத் தேடும் நடுவர், இதை ஒருமுறை தள்ளிப் பார்க்கிறாரா?

100 கிலோகிராம் சட்டம் ஒன்று. அதன் ஈர்ப்பு மையம் முன்கம்பங்களுக்கு அரை மீட்டர் பின்னால் இருக்கட்டும். முன்புறமாகச் சாயாமல் அதைப் பிடித்து வைத்திருக்கும் திருப்புத்திறன் 1000 × 0.5 = 500 நியூட்டன் மீட்டர். ஒரு பையன் 2.44 மீட்டர் உயரத்திலுள்ள குறுக்குக் கம்பத்தில் தொங்கி ஊஞ்சலாடுகிறான். அவன் ஆட்டத்தில் முன்னோக்கி 250 நியூட்டன் விசை எழுந்தால், திருப்புத்திறன் 250 × 2.44 = 610. சட்டம் சாய்ந்துவிடும். கம்பம் தரையை அடையும்போது அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். கீழே இருப்பது அந்தப் பையனின் தலையோ மார்போ.

கோல் சட்டம் தரையோடு உறுதியாகப் பிணைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று முதலாவது விதி சொல்கிறது. உங்கள் பள்ளி மைதானத்தில் முளையடித்துக் கட்ட வசதி இல்லையென்றால், சட்டத்தின் பின்கம்பி முன்கம்பங்களிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து பாருங்கள். ஒன்றரை மீட்டர் இருந்தால், அதன்மேல் வைக்கும் 40 கிலோகிராம் மணல் மூட்டை ஒவ்வொன்றும் 600 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனைக் கூட்டும். இரண்டு மூட்டைகளை வையுங்கள். கம்பத்தில் தொங்க வருபவனையும் விரட்டுங்கள்.